ரீப்பர் கட்டை

சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் வேலைக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் யாருமில்லை. வேறு வழியில்லாமல் வருவார்கள், அப்பன் செய்த தொழில் என்று வருவார்கள். வயிற்றெரிச்சலில் வந்தவள் மிளகாய் ஒருத்திதான். அதுவும் முப்பத்தேழு வயதில், அதுவரை அரிவாள்மணையைத் தவிர அறுக்கும் சாமான் எதையும் தொட்டிராதவள்.

மிளகாய் என்பது கல்யாணமான மூன்றாம் நாள் அவள் புருஷன் வைத்த பெயர். பேரம் பேச வந்த பாத்திரக்காரனை அவள் வாசலில் நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளை உள்ளே இருந்து கேட்டுவிட்டு, "எனக்குப் பொண்ணு கட்டலடி, மிளகாயைக் கட்டி வெச்சிருக்காங்க" என்றார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவரைக் கல் தெருவில் எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். ஆறு பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கட்டர் மெஷின் அலறும். வாசல்களில் கல் கரைந்த வெள்ளைச் சேறு பால் மாதிரி ஓடும். அந்த ஆறு பட்டறைக்காரர்களும் சிக்கலான கல் என்றால் மேஸ்திரியைத்தான் கூப்பிட்டு யோசனை கேட்பார்கள். அவர் வேலை பார்த்தது ரசமட்டத்தின் பட்டறையில்.

ரசமட்டம் என்பது ஆளின் பெயர். கல் சாய்வில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று குமிழி காட்டும் ரசமட்டம் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பார். பேச்சுக்குப் பேச்சு, "நம்ம வாழ்க்கை இதுல இருக்கிற குமிழி மாதிரி, நடுவை விட்டு இந்தண்டை அந்தண்டை போகாது" என்பார். அந்த யோக்கியர் செய்ததைச் சொல்கிறேன்.

சிங்க் வைப்பதற்காக நடுவில் ஓட்டை போட்ட கல் இருக்கிறதே, அதைப் போலப் பயமுறுத்துகிற சாமான் கிடையாது. ஓட்டைக்கு முன்னால் நாலு விரல், பின்னால் நாலு விரல் அகலத்துக்குத்தான் கல் மிஞ்சும். எட்டடிக் கல்லின் மொத்தப் பாரமும் அந்த இரண்டு பட்டைகளில்தான் தொங்கும். அதனால் தூக்குவதற்கு முன்னால் ஓட்டையைத் தாண்டி நீளவாக்கில் ஒரு ரீப்பர் கட்டையை வைத்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். சாதாரண மரச்சட்டம்தான். பத்து நிமிட வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், அந்தப் பத்து நிமிடம் ரசமட்டத்துக்குப் பொறுக்கவில்லை. மேஸ்திரி ரீப்பர் கேட்டார். "நேரமாகுது, தூக்கு" என்றார் ரசமட்டம். மாடிப்படித் திருப்பத்தில் கல்லைப் படுக்க வைக்க வேண்டி வந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் முறிந்து, பாதிக் கல் மேஸ்திரியின் இடது காலில் விழுந்தது. ஐந்து விரலும் போயின.

விரல் போனதைக்கூட மிளகாய் பொறுத்திருப்பாள். ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். வேலையில் அடிபட்டது எப்படி என்று முதலாளி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் காலை பட்டறை மணி அடிக்கும்போது அதை எடுத்துக்கொண்டு போனாள். கேட்டில் காவல்காரர் தடுத்துவிட்டார். "முதலாளி இல்லம்மா. எப்ப வருவார்னு தெரியாது. வேணும்னா நில்லு, வந்தா பார்க்கலாம்."

நின்றாள். கேட்டுக் கம்பி வழியாக ஆபீஸ் ரூம் வாசல் தெரிந்தது. அங்கே ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு கிடந்தது. வலது செருப்பின் வாரில் வெள்ளை நூலால் தையல். ரசமட்டத்தின் செருப்பை அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. ஒரு தடவை உள்ளே இருமல் சத்தமும் கேட்டது. தூறலில் நனைந்துகொண்டு, காகிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் காவல்காரர் காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கையெழுத்தோடு திரும்பக் கொண்டுவந்தார். இல்லாத முதலாளி எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று அவள் கேட்கவில்லை. அதில் எழுதியிருந்த வரி அவளைக் கேட்க விடவில்லை. "மேற்படி ஆள் குடித்துவிட்டு வேலைக்கு வந்து, தானே கல்லைக் கீழே போட்டுக்கொண்டார்."

மேஸ்திரி இருமல் மருந்து குடித்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆள்.

ஒரு வாரத்தில் கல் தெரு முழுக்க அந்த வரி பரவிவிட்டது. விரல் இல்லாவிட்டாலும் உட்கார்ந்து அளவு பார்த்துக் கோடு போட அவரால் முடியும். அந்தக் கண் தெருவில் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் குடித்துவிட்டுக் கல்லைப் போடுகிறவனை யார் சேர்த்துக்கொள்வார்கள்? கூப்பிடுகிற குரல் ஒன்றொன்றாக நின்றுபோனது. மேஸ்திரி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

"விட்டுத் தொலை" என்றார் ஒரு நாள்.

"விடமாட்டேன். அந்த ஆள் வாயாலயே சொல்ல வைக்கிறேன். எந்தத் தெருவுல உங்க பேரை நாறடிச்சாரோ அதே தெருவுல நின்னு, குடிக்கலன்னு சொல்லணும்."

"எப்படிச் சொல்ல வைப்ப? கழுத்தைப் பிடிச்சா?"

"அது எனக்கே இன்னும் தெரியல. முதல்ல அந்தத் தெருவுக்குள்ள போறேன்."

தெருக்கோடிப் பட்டறையை நடத்துவது கடைக்காரம்மா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு அம்மா. புருஷன் போன பிறகு தானே கட்டர் பிடித்துப் பழகியவர். வாயைத் திறந்தால் கல் தூள் பறக்கும். மிளகாய் போய் வேலை கேட்டதும் மேலும் கீழும் பார்த்தார்.

"புருஷன் குடிச்சா பொண்டாட்டி கை நடுங்காது. நாளைக்கு வா."

உதவி செய்கிற வாயிலிருந்தும் அதே பொய். மிளகாய் பல்லைக் கடித்துக்கொண்டு, "வரேங்க" என்றாள்.

முதல் மூன்று மாதம் சேறு வழிப்பதும் விளிம்பு தேய்ப்பதும்தான். தேய்க்கும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெந்த உருளைக்கிழங்கு தோல் மாதிரி சுருங்கிப்போயின. கல் சேறு தலைமுடியில் காய்ந்தால் சீப்பு இறங்காது. வீட்டுக்குப் போய்ச் சோற்றை வாயில் வைத்தால் பல்லில் நறநறவென்று இருக்கும். "உப்பு கம்மியா இருந்தாலும் கல்லு கம்மியா இல்ல" என்பார் மேஸ்திரி. அடிபட்ட பிறகு அவர் அடித்த முதல் கிண்டல் அது. மிளகாய் அதைக் கேட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழுதாள்.

அதன் பிறகு மேஸ்திரி நாற்காலியில் இருந்தபடியே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சொல்லிக்கொடுத்தார் என்பதைவிடத் திட்டினார் என்பதுதான் சரி. வெறும் அட்டையை வெட்டித் தரையில் போட்டு, "இது கல்லு. இப்ப எங்க பிடிச்சித் தூக்குவ? அங்கயா? போச்சு, உடைஞ்சுது. அடுத்த கல்லைக் கொண்டா" என்பார். ஒரு சாயங்காலத்தில் பதினாலு அட்டைக் கல் உடைத்திருக்கிறாள்.

நிஜக் கல்லும் ஒன்று கெட்டது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை செய்கிற தப்புதான். அளவெடுத்த அட்டையைக் கல்லின் பாலீஷ் முகத்தில் வைத்துக் கோடு போட வேண்டும். அவள் கல்லைக் கவிழ்த்துப்போட்டு முதுகில் வைத்துப் போட்டுவிட்டாள். அறுத்து, ஓட்டையும் போட்டு, நிமிர்த்திப் பார்த்தால் இடது பக்கம் வர வேண்டிய சிங்க் வலது பக்கம் வந்து நிற்கிறது. கடைக்காரம்மா அரைமணி நேரம் விடாமல் பேசினார். தெருவில் போன நாய்கூட நின்று கேட்டது. கடைசியில், "உன் வீட்டுக்கே எடுத்துட்டுப் போ. தினம் மூஞ்சியில முழிச்சாத்தான் புத்தி வரும்" என்றார். அந்தக் கல் இப்போது மிளகாய் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. சிங்க் வராத ஓட்டையின் மேல் ஒரு பலகை போட்டு மூடி, அதன் மேல் மேஸ்திரியின் டீ டம்ளர்.

இப்படி ஒரு வருடம் ஓடிற்று. இதற்குள் ரசமட்டம், அவளை ஒரு தடவைகூட நேரில் பார்க்காமலே, பட்டறையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டாள். ஆள் தெருவிலேயே இல்லை. யாரைச் சொல்ல வைப்பது? அந்தச் சேதி கேட்ட அன்று அவள் தேய்த்த விளிம்பில் குழி விழுந்தது.

கோடை ஆரம்பத்தில் ஒரு நாள் கடைக்காரம்மா ஒரு விலாசத்தைக் கொடுத்து, "புது வீடு. சமையல் மேடை. அளவெடுக்கிறதுல இருந்து பொருத்துற வரைக்கும் நீயே பாரு. சொதப்பினா இந்தத் தடவை உன் வீட்டுல இடமில்ல" என்றார். மிளகாய்க்குத் தனியாகக் கொடுத்த முதல் வேலை அது.

கதவைத் திறந்தது ஒரு சின்ன வயசுப் பெண். நல்ல முகம். "வாங்க வாங்க" என்று உள்ளே கூட்டிப்போனாள். வாசல்படிக்குப் பக்கத்தில் மிளகாய் நின்றுவிட்டாள். அங்கே ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு. வலது வாரில் வெள்ளை நூல் தையல்.

சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ரசமட்டம். மடியில் ரசமட்டம்.

"என்னம்மா இது, பொம்பளைய அனுப்பியிருக்காங்க?"

"ஆமாங்க. கண்ணு, கை, டேப்பு எல்லாம் ஆம்பளைங்களுக்கு இருக்கிற இடத்துலதான் இருக்கு."

மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, நீங்க சும்மா இருங்க. இவர் அந்தக் காலத்துல பெரிய பட்டறை வெச்சிருந்தவருங்க. எந்தக் கடைக்குப் போனாலும் குத்தம் சொன்னார். சீக்கிரம் செஞ்சு தரோம்னு சொன்னது உங்க கடைதான்."

அவருக்கு இவள் யாரென்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்றைக்குக் கேட்டுக்கு வந்து முகத்தைப் பார்த்திருந்தால்தானே. மிளகாய் அட்டையை விரித்துச் சுவரோடு ஒட்டி வைத்தாள். மூலை சதுரமாக இல்லை. உள்ளே போகப் போக அரை விரல் இடைவெளி விட்டது. அதைப் பென்சிலால் அட்டையில் இழுத்தாள்.

"பரவாயில்ல, சுவரு கோணல்னு கண்டுபிடிச்சிட்ட" என்றார் ரசமட்டம். பொழுது போகாத மனுஷர், பேச ஆள் கிடைத்த சந்தோஷம். "எங்கிட்ட ஒருத்தன் இருந்தான். உன்னை மாதிரியே சுவரைத் தடவிப் பார்த்தே கோணல் சொல்லுவான். நல்ல கை. என்ன பிரயோஜனம்? குடி. குடிச்சிட்டு வந்து கல்லைக் கால்ல போட்டுக்கிட்டான். என் பேரையும் கெடுத்தான்."

"இதையே எத்தனை தடவை சொல்லுவீங்கப்பா?" என்றாள் மகள்.

பென்சில் முனை அட்டையைக் குத்திக்கொண்டு உடைந்தது. மிளகாய் இடுப்பிலிருந்து பிளேடை எடுத்து நிதானமாகச் சீவினாள். கை நடுங்கவில்லை. கடைக்காரம்மா சொன்னது சரிதான்.

அன்று முழுக்க அவள் மண்டையில் ஒரே ஒரு விஷயம்தான். சிங்க் ஓட்டையை அறுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நாலு மூலையிலும் முதலில் வட்டமாகத் துளை போட்டுக்கொண்டு, அந்தத் துளை வரைக்கும் மட்டும் பிளேடை ஓட்டி நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் மூலையைத் தாண்டி ஒரு விரற்கடை ஓட்டிவிட்டால், முதுகில் மயிரிழை மாதிரி ஒரு வெட்டு விழும். கல் தூளும் பசையும் குழைத்து அடைத்துவிட்டால் எந்த ரசமட்டத்துக்கும் தெரியாது. ஆறு மாதமோ எட்டு மாதமோ, சூடான பாத்திரம் ஒன்று பக்கத்தில் வைக்கும்போது படாரென்று மூலையிலிருந்து விட்டுப்போகும். மறுநாள் அந்த வெட்டுக்காகவே கல்லைக் கவிழ்த்துப்போட்டு, கட்டரைக் கையில் பிடித்தபடி மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போனாள்.

யார் வீட்டுக் கல் என்று அவள் சொன்னதும் மேஸ்திரி டம்ளரைப் பலகை மேல் நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

"என்ன கல்லு?"

"கருப்பு. உள்ள பொன் பொட்டு மாதிரி மின்னும்."

"நல்ல கல்லு. மூலையில துளை போட்டுத்தான அறுத்த?"

"இன்னும் அறுக்கல."

மேஸ்திரி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்திய மனுஷர். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏய். கல்லு மேல கோவத்தைக் காட்டாத. அது ஒண்ணும் பொய் சொல்லல."

"கல்லுக்காக நான் யோசிக்கலீங்க. ஆறு மாசம் கழிச்சு உடைஞ்சா யார் உடைச்சதுன்னு அந்தாளுக்கு எப்படித் தெரியும்? ஏதோ கெட்ட நேரம்னு நினைச்சுட்டு வேற கல்லு போட்டுப்பார். எனக்கு அது பத்தாது. நான்தான்னு தெரியணும். எதுக்குன்னும் தெரியணும்."

அவர் டம்ளரை நகர்த்துவதை நிறுத்திவிட்டார். அவள் திரும்பிப் போய் நாலு மூலையிலும் துளை போட்டு, ஒரு மயிரிழை தாண்டாமல் அறுத்தாள். விளிம்பை ஏழு தடவை தேய்த்தாள். அவள் முகம் அதில் தெரிந்தது. அந்தப் பட்டறையில் அதைவிட நல்ல கல் அந்த வருடம் வெளியே போகவில்லை என்று கடைக்காரம்மாவே சொன்னார், அதுவும் வேறு யாரிடமோ.

பொருத்தப் போன அன்று வெயில் காலை ஒன்பதுக்கே மண்டையைப் பிளந்தது. கல் தூக்க நாலு பேர் வேண்டும். மிளகாய், இரட்டையர் இரண்டு பேர், இன்னொரு ஆள். இரட்டையர் என்பது பட்டறையின் பாரம் தூக்குகிற அண்ணன் தம்பி. நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருத்தன் பேசுவான், இன்னொருத்தன் தலையாட்டுவான். நாலாவது ஆளுக்குக் காய்ச்சல், வரவில்லை. கல்லில் ரீப்பர் வைத்துக் கிளாம்ப் இறுக்கி, தள்ளுவண்டியில் நிமிர்த்தி வைத்துக் கட்டி, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்தார்கள். நிமிர்ந்து நிற்கிறவரை கல் பொறுக்கும். படுக்க வைக்கும்போதுதான் அதன் குணம் தெரியும்.

ரசமட்டம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா இது, ஒடிஞ்ச கைக்குக் கட்டுப் போட்ட மாதிரி? இந்தக் கட்டையோட உள்ள போனா நிலைல இடிக்கும். புது பெயிண்ட். கழட்டு."

"சிங்க் ஓட்டை இருக்குங்க."

"இருக்கட்டுமே. நான் பார்க்காத ஓட்டையா? எத்தனையோ கல்லு கட்டை இல்லாம ஏத்தியிருக்கேன். கழட்டும்மா. நேரமாகுது, தூக்கு."

மிளகாய் அப்படியே நின்றாள். இரண்டு வருடமாக மேஸ்திரி வாயால் நூறு தடவை கேட்ட வார்த்தை, இப்போது அதன் சொந்தக்காரர் வாயிலிருந்தே வருகிறது. எப்படிச் சொல்ல வைப்ப என்று கேட்டாரே, அதற்குப் பதில் அவள் காலடியில் தானாக வந்து விழுந்தது. கிளாம்பைத் திருகிக் கழற்றினாள். ரீப்பரையும் கிளாம்பையும் மகள் கையில் கொடுத்தாள்.

"இதை உள்ள எடுத்துட்டு வாங்கம்மா. தேவைப்படும்."

பேசுகிற இரட்டையன் கிட்டே வந்து, "அக்கா, ரீப்பர் இல்லாமயா?" என்று முணுமுணுத்தான்.

"நான் நில்லுன்னா நில்லுங்க. அது வரைக்கும் முனை ரெண்டையும் ஒரே உசரத்துல பிடிங்க. இறக்கிடாதீங்க."

சமையலறைக்குள் வண்டியை நிறுத்தியதும் மிளகாய் ரசமட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு ஆள் குறையுதுங்க. பக்கத்து வீட்டுல யாராவது இருந்தா…"

"எதுக்கு? நான் இல்ல?"

"அப்பா, வேண்டாம்."

"நீ சும்மா இரும்மா. முப்பது வருஷம் கல்லுல புரண்டவன் நான்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வயசாகியும் தோள் நன்றாகத்தான் இருந்தது. அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் பலமில்லாதவர் என்று சொல்ல முடியாது.

இரண்டு முனையிலும் இரட்டையர். நடுவில், சிங்க் ஓட்டைக்கு ஒரு பக்கம் ரசமட்டம், மறுபக்கம் மிளகாய். மகள் அப்போதுதான் தரையைத் துடைத்திருந்ததால் எல்லோரும் வெறுங்கால். கல்லைத் தூக்கிப் பின் விளிம்பை மேடையின் மேல் வைத்தார்கள். இனி முன் விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்த்து இறக்க வேண்டியதுதான். கல் சாய ஆரம்பித்தது. பாரம் கைக்கு வந்தது. பாதி சாய்ந்ததும் மிளகாய் சொன்னாள்.

"நில்லு."

இரட்டையர் நின்றார்கள். எட்டடிக் கருங்கல் பாதி வழியில், நாலு பேர் கையில் நின்றது.

"ஏன் நிறுத்துற? இறக்கு" என்றார் ரசமட்டம்.

"கொஞ்சம் இருங்க."

அப்போது கல் ஒரு சத்தம் கொடுத்தது. "டிக்." அவ்வளவுதான். பல்லி சத்தம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். மகளுக்கு அது கேட்கவே இல்லை. ரசமட்டத்தின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ரீப்பர்! ரீப்பரை எடுங்கடா!"

"நீங்கதானே வேண்டாம்னு கழட்டச் சொன்னீங்க?"

"ஐயோ, சொன்னேன், இப்ப போடு! சிங்க் கிட்ட முறியும். முறிஞ்சா முன்னாடி சரிஞ்சு நேரா கால்லதான் விழும்!"

"விழாது. நாம யாரும் குடிக்கலையே."

அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கை நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. கண் கீழே, தன்னுடைய பத்துக் கால்விரல்களைப் பார்த்தது.

"குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன! ரீப்பர் இல்லாம படுக்க வெச்சா எவன் தூக்கினாலும் முறியும்! எடும்மா!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்திருக்கேன்!"

"யார் கால்ல விழுந்ததைப் பார்த்தீங்க?"

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். ரசமட்டம் தலையைத் திருப்பி முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ யாரு?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்துட்டு உங்க கேட்டுல நின்னேனே, அவ. சொல்லுங்க. அவர் குடிச்சிருந்தாரா?"

"அக்கா, கை வலிக்குது" என்றான் பேசுகிற இரட்டையன்.

"எனக்கும்தான் வலிக்குது. என் காலும் இதுக்குக் கீழதான் இருக்கு. இவர் சொல்ற வரைக்கும் நான் அசைய மாட்டேன்." இது வரை தலையை மட்டும் ஆட்டிய தம்பி, "பிடிண்ணே" என்றான். வருடக்கணக்கில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

கல் இன்னொரு தடவை, "டிக்."

"அப்பா" என்றாள் மகள். கையில் ரீப்பரை வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். "அப்பா, இவங்க என்ன கேக்கறாங்க? அந்த ஆளு குடிச்சிட்டுப் போட்டுக்கிட்டான்னுதானே சொன்னீங்க?"

ரசமட்டத்தின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனி வழியாகக் கல் மேல் சொட்டியது. துடைக்கக் கை இல்லை.

"குடிக்கல."

"சத்தமா."

"குடிக்கல! அவன் குடிக்கவே மாட்டான். ரீப்பர் கேட்டான், நான்தான் நேரமாகுது தூக்குன்னேன். கேஸாகிடும்னு பயந்து அப்படி எழுதிக் கொடுத்தேன். போதுமா? போடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

மிளகாய் மகளைப் பார்த்தாள். "ரீப்பரை ஓட்டைக்கு மேல வைங்கம்மா. நீளவாக்குல. கிளாம்பை அந்தப் பக்கம் மாட்டித் திருகுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். இப்ப இந்தப் பக்கம்."

அந்தப் பெண் அழுதுகொண்டேதான் திருகினாள். ஆனால் இறுக்கமாகத் திருகினாள். கல் இறங்கி மேடையில் உட்கார்ந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

ரசமட்டம் தரையில் உட்கார்ந்துவிட்டார். மிளகாய் அவர் நாற்காலியில் கிடந்த ரசமட்டத்தை எடுத்துக் கல் மேல் வைத்தாள். வலது மூலையில் ஒரு நூல் தாழ்வு. ஆப்பு ஒன்றைச் செருகித் தட்டினாள். குமிழி நடுவுக்கு வந்து நின்றது. சுவரோரம் பசை இழுத்து, ஈரத்துணியால் துடைத்து, சிங்க்கைப் பொருத்தி, தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்தாள். வேலையில் ஒன்றையும் குறைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் பேசினாள்.

"இந்த அடுப்படியில சொன்னது எனக்குப் போதாது. எங்க சொன்னாரோ அங்க வந்து சொல்லணும். தெருவுல இருக்கிற எல்லாப் பட்டறையிலயும்."

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கே நான் கூட்டிட்டு வரேங்க."

கூட்டிக்கொண்டும் வந்தாள். காரை ஓட்டி வந்தவள், ஒவ்வொரு பட்டறை வாசலிலும் கதவைத் திறந்து அப்பாவை இறக்கிவிட்டாள். மெஷின்களை நிறுத்தச் சொன்னாள். அந்தத் தெருவில் பகல் நேரத்தில் அவ்வளவு அமைதியை யாரும் கேட்டதில்லை. முதல் பட்டறையில் அவர் குரல் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவதில் கம்மிப்போயிற்று. தெருக்கோடிக்கு வரும்போது காற்றுதான் வந்தது. ஆனால் எல்லாம் சொன்னார். குடிக்கவில்லை, ரீப்பர் கேட்டான், நான்தான் கொடுக்கவில்லை. மிளகாய் விளிம்பு தேய்க்கிற இடத்திலேயே நின்று, ஈரக்கையோடு கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள். கார் போன பிறகு கடைக்காரம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"நான்கூட உன்கிட்ட அப்படித்தானே பேசிட்டேன், வந்த அன்னிக்கு?"

"ஆமாங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொன்னா நம்பியிருப்பீங்களா?"

கடைக்காரம்மா கையிலிருந்த கல் தூளைத் தட்டிக்கொண்டார். பிறகு, "அந்த மனுஷனை வரச் சொல்லு. உக்காந்து கோடு போடட்டும். நாற்காலி நானே வாங்கிப் போடறேன்" என்றார். அன்று சாயங்காலமே இன்னும் இரண்டு பட்டறைகளிலிருந்து மேஸ்திரிக்குப் போன் வந்தது. மூன்றாவது போன் வந்தபோது அவர் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. மிளகாய் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். அவள் கேட்டது கிடைத்துவிட்டதே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் கூப்பிடாமலே, ரசமட்டம் அவள் வீட்டுக் கேட்டுக்கு வந்து நின்றார். மகள் தூரத்தில் காரிலேயே இருந்தாள். வானம் மூடியிருந்தது, தூறல் போட்டது. மேஸ்திரி சமையலறையில் அந்தப் பக்கம் மாறிய ஓட்டைக் கல் முன்னால் உட்கார்ந்து ரொட்டியை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

"யாரு வாசல்ல?"

மிளகாய் சொன்னாள்.

மேஸ்திரி ரொட்டியைக் கீழே வைத்தார். யோசித்தார். "வந்துட்டாரே. உள்ள வரச் சொல்லு."

"நீங்க டீயைக் குடிங்க."

வெளியே வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை. ரசமட்டம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் எப்போதும் இருக்கிற ரசமட்டம் இல்லை.

"மேஸ்திரி இருக்காராம்மா? ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

வாசல்படியில் மேஸ்திரியின் செருப்பு கிடந்தது. இடது செருப்பின் முன்பாதியில் துணி வைத்து அடைத்திருக்கும். அது யார் செருப்பு என்று உலகத்தில் யாரும் கேட்கத் தேவையில்லை. மிளகாய் குனிந்து, ஒன்று அப்படியும் ஒன்று இப்படியுமாகக் கிடந்த அந்த ஜோடியை எடுத்து, கேட்டைப் பார்க்கத் திருப்பி, சேர்த்து வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். அவர் பார்க்கிறவரை காத்திருந்து அவளும் நிமிர்ந்தாள்.

"அவர் இல்லீங்க" என்றாள். "எப்ப வருவார்னு தெரியாது. வேணும்னா நில்லுங்க, வந்தா பார்க்கலாம்."

உள்ளே மேஸ்திரி இருமினார். நன்றாகவே கேட்டது. ரசமட்டம் மறுபடி அந்தச் செருப்பைப் பார்த்தார். கேட்டை விட்டு நகரவில்லை.

மிளகாய் உள்ளே போய் அடுப்பில் இன்னொரு டீக்குத் தண்ணீர் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி எட்டரைதான் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.